அறுபத்திரண்டு கிலோ

அக்டோபர் 9, வியாழன்

ஆயுத பூஜை முடிந்து எட்டு நாள் ஆகிறது. கேமராவை ஆடாமல் பிடிக்கிற ஜிம்பலின் இடுக்கில் போன சந்தனம் இன்னும் வெளியே வரவில்லை. காலை முழுவதும் ஸ்டுடியோவில் பழைய டூத் பிரஷ்ஷை வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தேன். சாமானுக்குப் பொட்டு வைப்பது சந்திரபோஸ் அண்ணன் இஷ்டம், ஸ்டுடியோ அவருடையது. ஆனால் கேமரா உட்காரும் தட்டு நகர்கிற பள்ளத்திலா அப்புவது? காய்ந்து சிமென்ட் ஆகிவிட்டது. தட்டு முன்னும் பின்னும் நகராவிட்டால் பேலன்ஸ் கிடையாது. பேலன்ஸ் இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு.

எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே அவர் பார்த்தார்.

“என்னடா கபிலா, சாமிக்கு வச்சதப் போயி இப்புடிப் பறட்டுப் பறட்டுன்னு தேய்க்கிற?”

“மோட்டார் திணறும்ணே.”

“பொட்டு இல்லாம முகூர்த்தத்துக்குப் போனா எனக்குத் திணறும்டா.”

கைப்பிடிக்கு மேலே, வளைந்த கையில் அவர் கட்டிய மஞ்சள் கயிறும் விரலி மஞ்சள் துண்டும் அப்படியே இருக்கின்றன. அதைத் தொட விடமாட்டார். அவருக்கு இன்னொரு சட்டமும் உண்டு: கல்யாணத்துக்குப் போகிற சாமான் சாவுக்குப் போகாது. சாவு வீட்டில் படம் எடுக்கக் கூப்பிட்டால் அதற்கென்று ஒரு பழைய கேமரா இருக்கிறது. அது கடைக்குள் வராது. பின்பக்கம் கக்கூஸை ஒட்டிய அலமாரியில் கிடக்கும். கேமராவுக்கும் தெரு பிரித்து வைத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் வக்கீல் எஸ்தர் அக்கா ஃபோன் செய்தார். மயானப் பாதை வழக்கில் இடத்தை நேரில் பார்க்க ஒரு கமிஷனரைக் கோர்ட்டு நியமித்திருக்கிறது. இருபத்தெட்டாம் தேதி காலை பத்து மணி. இரண்டு தரப்பும் வீடியோ எடுக்கலாம். ஆனால் முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். நிறுத்தி எடுத்தால் செல்லாது. முடிந்ததும் மெமரி கார்டை அங்கேயே கமிஷனர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

“போன தடவ மாதிரி ஆயிரக்கூடாது கபிலன். இன்னொரு தடவ யாரும் நேர்ல வரமாட்டாங்க.”

போன தடவை என்பது ஜனவரியில் யாரோ ஃபோனில் எடுத்து, நாங்கள் கோர்ட்டில் கொடுத்த நாற்பத்தேழு நொடி வீடியோ. எதிர்த்தரப்பு அதற்குக் கொடுத்த பதில் எனக்கு மனப்பாடம்: ‘படம் கடுமையாக ஆடுவதால் எந்த இடம், என்ன நிகழ்வு என்று அறிய இயலவில்லை.’

அக்டோபர் 10, வெள்ளி

தட்டு நகர்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

எழுதி வைத்தால் கோபம் கொஞ்சம் வரிசையில் நிற்கிறது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் தெருவின் கடைசி வீட்டிலிருந்து மயானம் அறுநூறு மீட்டர். நடுவில் பாசனக் கால்வாய். கால்வாயின் கரையோடு பன்னிரண்டு அடிப் பாதை சர்வே படத்தில் இருக்கிறது, நானே பார்த்தேன். எட்டு வருடம் முன்பு, கரையை ஒட்டித் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் பாதையையும் சேர்த்துக் கம்பி வேலி போட்டார். அவர் பெயரை இந்த நோட்டில் எழுத மாட்டேன். தோப்புக்காரர் என்றே இருக்கட்டும். வேலிக்கு இரண்டு முனையிலும் இரும்புக் கேட், பூட்டு. கோர்ட்டில் அவர் சொன்னது: அங்கே பாதை என்று ஒன்று என்றைக்குமே இல்லை, அந்தத் தெரு மக்கள் வழக்கமாக வேறு வழியில் போகிறார்கள்.

அந்த வேறு வழி கால்வாய்தான். தண்ணீர் இல்லாத மாதங்களில் மணலில் நடந்து போகலாம். தண்ணீர் விட்டால் பிணத்தைத் தூக்கிக்கொண்டு இருநூறு மீட்டர் தண்ணீரில் நடக்க வேண்டும். ஆகவே எங்கள் தெருவில் தண்ணீர் இல்லாத மாதம் பார்த்துச் சாக வேண்டும்.

பஞ்சவர்ணம் அத்தை எதிர் வீடு. அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை. புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு வாசலில் நின்று பேசினாள்.

“கமிசனரு வாராராம்ல. இந்தத் தடவ ஒழுங்கா எடுங்கடா. போன தடவ எடுத்தவன் ஒண்ணும் தெரியாதவன் இல்ல, தொழில் தெரிஞ்சவன்தேன். அவனுக்கே கையி அந்த ஆட்டம் ஆடிருக்கு.”

அம்மா உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் பேச்சை மாற்றி, கேஸ் சிலிண்டர் பற்றி ஏதோ கேட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஜிம்பலும் கேமராவும் இரண்டு வாரத்துக்குக் கேட்டேன். குறும்படம் எடுக்கிறேன் என்றேன். பொய் சுலபமாக வந்தது.

“காதலா, பேயா?” என்றார் அண்ணன்.

“ரெண்டும் இல்லண்ணே. நடக்குறதப் பத்தி.”

“நடக்குறதக் காசு குடுத்து எவன்டா பாப்பான்? ஒரு பாட்டாச்சும் வையி.” சிரித்துக்கொண்டே சாவியைத் தூக்கிப் போட்டார். “இருபத்தொம்போது முகூர்த்தம். அன்னைக்கு விடியக்காலைல சாமான் இங்க இருக்கணும். கயித்தக் கியித்த அவுத்துறாத.”

நல்ல மனிதர். மூன்று வருடமாகச் சம்பளம் தாமதித்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று “எந்தூரு?” என்று கேட்டார். சொன்னேன். “அந்தூர்ல எங்கிட்டு?” என்றார். “ரோட்டு மேலண்ணே” என்றேன். ரோடு எங்கள் தெரு வழியாகவும்தான் போகிறது. கல்யாண வீடுகளில் பந்தியில் உட்காரும் முன் யாராவது “தம்பி எந்தப் பக்கம்?” என்று கேட்பார்கள். பேட்டரி மாற்ற வேண்டும் என்று எழுந்துவிடுவேன். இதுவரை எட்டுப் பத்துப் பந்திகளில் பேட்டரி தீர்ந்திருக்கிறது.

அக்டோபர் 15, புதன்

கயிற்றை அவிழ்த்துவிட்டேன். சாவுக்குப் போகிற சாமானில் மங்கலக் கயிறு இருந்தால் அவருக்கும் கெடுதல், எனக்கும் எரிச்சல். பிளாஸ்டிக் பையில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஒரு விரலி மஞ்சள் எவ்வளவு கனம் இருக்கும்? ஆனால் அவிழ்த்ததும் கேமரா இடது பக்கம் சாய்கிறது. மூன்று வருடமாக அந்த மஞ்சளையும் சேர்த்துத்தான் பேலன்ஸ் செய்திருக்கிறேன் என்று இன்றுதான் தெரிந்தது.

முதலிலிருந்து ஆரம்பித்தேன். மோட்டாரை ஆன் செய்யக்கூடாது, அதுதான் விஷயம். லென்ஸ் மூடியைக் கழற்றி, பேட்டரி, கார்டு எல்லாம் போட்டு, படம் எடுக்கும்போது எப்படி இருக்குமோ அப்படி வைக்க வேண்டும். முதலில் மூக்கு. லென்ஸ் கீழே விழுந்தால் தட்டைப் பின்னால் தள்ளு. வானத்தைப் பார்த்தால் முன்னால் இழு. அப்புறம் இடது வலது. அப்புறம் கைப்பிடியைப் படுக்கவைத்துப் பிடித்து, மொத்தக் கையும் ஒரு பக்கமாகச் சுற்றுகிறதா என்று பார். ஒரு மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர். கடைசியில் கேமராவை எந்தக் கோணத்தில் விட்டாலும் விட்ட இடத்தில் நிற்கும். நின்ற பிறகுதான் மோட்டார். அவசரப்பட்டு ஆன் செய்தால் மோட்டார் பலத்தில் நிற்கிற மாதிரி காட்டும். பத்து நிமிடத்தில் சூடாகிக் கையை விரித்துவிடும்.

கல்யாணத்தில் விரித்தால் மறுபடி மாலை மாற்றச் சொல்லலாம்.

ஐம்பது நிமிடம் ஆனது. அம்மா வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “தொட்டில் கட்டுற மாதிரி இருக்கு” என்றாள்.

அக்டோபர் 16, வியாழன்

ஒத்திகை. தெரு முனையிலிருந்து மயானம் வரை நடந்து எடுத்தேன். தண்ணீர் இடுப்பு வரை இருந்தது. கை ஆடவில்லை, படம் ஆடவில்லை. வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் போட்டேன். அம்மா, பஞ்சவர்ணம் அத்தை, அத்தை மகன் மாசானம் மூவரும் பார்த்தார்கள்.

கால்வாய்த் தண்ணீரில் தென்னை நிழல். பச்சை. ஒரு கொக்கு. படம் வழுக்கிக்கொண்டு போகிறது.

மாசானம்தான் முதலில் சொன்னான். “மாப்ள, இதுல ஒரு ஜோடிய நடக்க விட்டா கல்யாணத்துக்கு முந்தி எடுப்பீகள்ல, அதேதேன்.”

“ஏம்ப்பா,” என்றாள் அத்தை, “இம்புட்டு நல்லா இருக்கு, இதுல போறதுக்கு உங்களுக்கு என்ன கேடுன்னு கேட்டா என்னா சொல்லுவ?”

லேப்டாப்பை மூடிவிட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

ஜிம்பல் இல்லாமல் கையில் பிடித்து எடுத்துப் பார்த்தேன். ஆடுகிறது. எல்லாமே ஆடுவதால் எது ஆடுகிறது என்று தெரியவில்லை. ‘எந்த இடம், என்ன நிகழ்வு என்று அறிய இயலவில்லை.’

ஜிம்பலில் எடுத்தால் பள்ளம் தெரியவில்லை. கையில் எடுத்தால் எதுவுமே தெரியவில்லை. மூன்று வருடமாக நான் செய்கிற வேலை இதுதான்: ஊரார் நடக்கிற தரையைச் சமமாகக் காட்டுவது. அந்த வித்தையோடு எங்கள் கால்வாயிலும் இறங்கி, தோப்புக்காரருக்கு இலவசமாக ஒரு விளம்பரப் படம் எடுத்திருக்கிறேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்கள் வீட்டில் இந்த வருடம் கிடையாது. அப்பா போய் இன்னும் வருடம் திரும்பவில்லை.

அம்மா பெட்டியைச் சுத்தம் செய்தாள். ஆஸ்பத்திரி ஃபைலைத் தூக்கிப் போடவா என்று கேட்டாள். நான் வாங்கிப் பார்த்தேன். பெயர் கருப்பையா, வயது 54, எடை 62. வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

ஒத்திகைப் படத்தை அழிக்கும் முன் கடைசி வரை ஓட்டினேன். முடிவில் ரெக்கார்டை நிறுத்த மறந்திருக்கிறேன். பன்னிரண்டு நொடி கூடுதலாக ஓடியிருக்கிறது. அதில், புல் அறுத்துத் திரும்பும் பஞ்சவர்ணம் அத்தை தலையில் கட்டோடு எனக்கு முன்னால் கால்வாயில் இறங்குகிறாள். கால் பள்ளத்தில் போகிறது. புல்லுக்கட்டு வலது பக்கம் சாய்கிறது, அவள் கையைத் தூக்கிப் பிடிக்கிறாள், மறுபடி சாய்கிறது. தண்ணீர் அவள் முந்தானையைத் தூக்குகிறது.

படம் ஆடவில்லை. அதனால்தான் அவள் ஆடுவது தெரிகிறது.

பத்துத் தடவை பார்த்தேன். பிறகு தெருவுக்கு ஓடினேன்.

அக்டோபர் 22, புதன்

முன்னால் நாலு பேர் பாடை தூக்கிப் போக வேண்டும், பின்னால் நான் எடுக்க வேண்டும் என்று சொன்னதும் தெருவே கத்தியது. பாடைக்கு ஆள் இல்லாமல் பாடை கட்டக்கூடாது. கட்டினால் அதற்கு ஆள் கேட்கும். தோப்புக்காரனை எதிர்க்கத் துணிந்த நாலு பேரும் இதற்குத் துணியவில்லை. ‘இதையெல்லாம் நம்பிக்கொண்டிருக்கிற வரை நம்மைத் தண்ணீருக்குள்தான் விடுவார்கள்’ என்று நான் கத்தினேன். மாசானத்தின் பெண்டாட்டி நிறைமாதம். அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கே அசிங்கமாகப் போயிற்று.

அத்தைதான் முடித்துவைத்தாள். “ஏணில வச்சுத் தூக்குங்கடா. ஏணிக்கு எமன் எங்கிட்டு வருவான்? அகலமும் அம்புட்டுத்தேன், நீளமும் அம்புட்டுத்தேன்.”

மூங்கில் ஏணி. மேலே மணல் சாக்கு. ரேஷன் கடைத் தராசில் வைத்து நிறுத்தோம்.

“நாப்பது போதும்டா, தூக்குறது நாங்க,” என்றான் மாசானம்.

“அறுபத்திரண்டு.”

“அது என்ன கணக்கு?”

“போடு மாப்ள.”

அக்டோபர் 25, சனி

இரண்டு நாளாக மழை. கால்வாயில் தண்ணீர் நெஞ்சுக்கு வருகிறது. எதிர்த்தரப்பு தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லி மனுப் போட்டதாம். தள்ளுபடி. தண்ணீர் வடிந்த பிறகு வரட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

அக்டோபர் 27, திங்கள்

கார்டு காலி. கேமரா பேட்டரி முழுசு. ஜிம்பல் பேட்டரி முழுசு. மூன்று தடவை பேலன்ஸ் பார்த்தேன். மோட்டாரைப் போடாமல் கேமராவை மேலே பார்க்க விட்டேன், நின்றது. கீழே பார்க்க விட்டேன், நின்றது.

ஜனவரி வீடியோவை எடுத்தது நான்தான். இங்கே எழுதுவதால் யாருக்கும் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. அம்மாவைத் தவிர தெருவுக்கே தெரியும். தூக்க நாலு பேர் இருந்தார்கள், புதைப்பதானாலும் மகன் தூக்க வேண்டிய கொள்ளிச்சட்டி என் வேலை. சட்டியை மாசானத்திடம் கொடுத்துவிட்டு ஃபோனை எடுத்தேன். நாற்பத்தேழாவது நொடியில் பாடை சாய்ந்தது. ஃபோனைப் பையில் போட்டுவிட்டு அப்பாவின் காலைப் பிடித்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கமிஷனர் பத்தரைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், பளபளக்கிற ஷூ, குடை. கூடவே சர்வேயர். தோப்புக்காரரும் அவர் வக்கீலும் கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தரப்பில் வீடியோ எடுக்க யாரும் இல்லை. இல்லாத பாதையை எதற்கு எடுப்பது என்று நினைத்திருக்கலாம்.

தெரு முனையில் ரெக்கார்டை அழுத்தினேன். ஏணியைத் தூக்கினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் உடனே ஆரம்பித்தார்: “சார், இது நாடகம். இதெல்லாம் உத்தரவுல இல்ல.”

“அவங்க சுமை, அவங்க தூக்குறாங்க,” என்றார் எஸ்தர் அக்கா. “வழி இருந்தா நடப்பாங்க, இல்லாட்டி நிப்பாங்க. அதப் பாக்கத்தான சார் வந்திருக்கீங்க?”

கமிஷனர் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். கால்வாய்க்கு வந்ததும் பாதை முடிந்தது. இடது பக்கம் வேலி, பூட்டிய கேட். முன்னால் தண்ணீர். மாசானமும் மற்றவர்களும் நிற்காமல் இறங்கிவிட்டார்கள். முழங்கால், இடுப்பு.

கமிஷனர் தன் ஷூவைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். “வேற வழி இல்லையா?”

“இதான் சார் வழி,” என்றார் அக்கா.

அவர் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். அப்போது நடந்ததை நான் எத்தனை வருடம் யோசித்தாலும் கற்பனை செய்திருக்க முடியாது. தோப்புக்காரர் நாற்காலியிலிருந்து பதறி எழுந்து ஓடி வந்தார்.

“அய்யய்ய, சார்! நீங்க எதுக்கு சார் தண்ணில எறங்கிக்கிட்டு? இங்கிட்டு வாங்க சார், இங்கிட்டு வாங்க!”

மடியிலிருந்து சாவியை எடுத்தார். கேட்டைத் திறந்தார். அவர் வக்கீல் “அண்ணாச்சி, அண்ணாச்சி” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டது எனக்கே கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. ஒரு அதிகாரி நனையக்கூடாது என்பது அவர் ரத்தத்தில் ஊறியது. அந்த நேரத்தில் வழக்கு, பாதை, எதுவும் அவர் நினைவில் இல்லை. “நல்ல பாதை சார், காஞ்ச பாதை, நேரா அந்தப் பக்கம் கொண்டுபோயி விட்டுரும்,” என்று கையைக் காட்டினார்.

கமிஷனர் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தார். ஷூ கயிற்றை மறுபடி கட்டிக்கொண்டு உள்ளே நடந்தார்.

நான் தண்ணீரில் இறங்கினேன். சட்டகத்தில் வலது பக்கம் நாலு தலையும் ஒரு ஏணியும்; இடது பக்கம் வேலிக்குள் குடை பிடித்துக்கொண்டு ஒருவர் காய்ந்த மண்ணில் அதே திசையில் நடக்கிறார். நடுவில் கம்பி. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு நடந்தேன். என் கை ஆடவில்லை. ஏணி ஆடியது. இடது முன்பக்கம் தூக்கியவன் கால் பள்ளத்தில் போக, அந்தப் பக்கம் தண்ணீரைத் தொட்டு எழுந்தது. சாக்கு வழுகியது. மாசானம் கழுத்து வரை முங்கித் தோளைக் கொடுத்தான்.

கரை நெருங்கும்போது என் காலும் போயிற்று. தண்ணீர் நெஞ்சைத் தாண்டியது. கேமராவை மேலே தூக்கிவிட்டேன், ஆனால் கைப்பிடியின் அடி ஒரு கணம் தண்ணீரில் முங்கியது. பேட்டரி இருப்பது அங்கேதான். மூன்று மோட்டாரும் செத்தன.

சாதாரணமாக அந்த நேரத்தில் கேமரா தலை தொங்கிவிடும். அரை மணி நேரக் கல்யாணத்தில்கூட அப்படித் தொங்கியிருக்கிறது. தொங்கவில்லை. கேமராவுக்கு அதன் சொந்த பேட்டரி. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லென்ஸ் பார்த்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு, நிறைகுடம் எடுத்துப் போகிறவன் மாதிரி மீதித் தொண்ணூறு அடியை நடந்தேன். லேசாக மிதந்தது, அவ்வளவுதான்.

கமிஷனர் அந்தப் பக்கத்துக் கேட்டில் வெளியே வந்து காத்துக்கொண்டிருந்தார். நாங்கள் கரையேறினோம். மயான எல்லைக் கல்லில் ஏணியை இறக்கினார்கள். கல்லை ஐந்து நொடி காட்டிவிட்டு நிறுத்தினேன். பதினாறு நிமிடம், இருபத்தொரு நொடி.

அவர் கையை நீட்டினார். கார்டை எடுத்துக் கொடுத்தேன். கவரில் போட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். சாக்கைக் காட்டி, “எவ்வளவு கனம்?” என்று கேட்டார்.

“அறுபத்திரண்டு கிலோ சார்.”

தலையாட்டினார். ஏன் அந்தக் கணக்கு என்று அவர் கேட்கவில்லை.

அக்டோபர் 29, புதன்

விடிவதற்கு முன்பே ஸ்டுடியோவில் இருந்தேன். இரவெல்லாம் காயவைத்ததில் மோட்டார் ஓடுகிறது. ஆனால் தட்டின் பள்ளத்தில் கால்வாய் மண். அண்ணன் விரலால் தொட்டுப் பார்த்தார். கயிறு இல்லாததையும் பார்த்தார்.

“என்னடா படம் எடுத்த?”

சொன்னேன். கால்வாய், மயானம், ஏணி, மோட்டார் செத்தது, வழக்கு. எந்தத் தெரு என்பதையும் சொன்னேன். ரோட்டு மேலே என்று இல்லை, தெருவின் பெயரையே சொன்னேன். சொன்னபோது பயமாக இல்லை. மூன்று வருடமாகத் தூக்கி வைத்திருந்த கையைக் கீழே இறக்கின மாதிரி இருந்தது.

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“மொதல்லயே சொல்லிருந்தா வேல குடுத்திருக்க மாட்டேன்டா. பொய் சொல்ல மாட்டேன்.”

“தெரியும்ணே. அதான் சொல்லல.”

“சாவுக்கு எடுத்துட்டுப் போயிருக்கேல்ல. பரிகாரம் பண்ணணும்.” எழுந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தார். கயிற்றுப் பையை நானே நீட்டினேன். கட்டினார். கிண்ணத்தில் விரலை விட்டவர், பள்ளத்துக்கு மேலே நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“எங்கிட்டு வைக்கலாம்?”

“கைப்பிடி அடில வைங்கண்ணே. அங்க ஆடாது.”

வைத்தார். “மோட்டாரு நின்ன பெறகும் கேமரா சாயாம நின்னுச்சுன்னு சொன்னேல்ல, நெசமாவா?”

“நெசம்ணே.”

“ம். சரி, வண்டில ஏறு. பொண்ணு வீட்டுக்காரன் ஆறு மணிக்கே கத்துவான்.”

அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். அவரும் கேட்கவில்லை. ஆனால் இன்று பந்தியில் ஒரு பெரியவர் “தம்பி எந்தப் பக்கம்?” என்றபோது தெருவின் பெயரைச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து சாப்பிட்டேன். பெரியவர் இலையை மூடிவிட்டு எழுந்தார். பாயசம் நன்றாக இருந்தது. இரண்டு தடவை வாங்கினேன்.

நவம்பர் 21, வெள்ளி

கமிஷனர் அறிக்கை வந்துவிட்டது. எஸ்தர் அக்கா ஃபோனில் வாசித்தார். ‘எதிர்வாதி தாமாகவே முன்வந்து பூட்டைத் திறந்து, அதனை நல்ல பாதை எனக் குறிப்பிட்டு என்னை அழைத்துச் சென்றார். நான் அவ்வழியே நனையாமல் நான்கு நிமிடங்களில் கடந்தேன். அதே தூரத்தைச் சுமையுடன் கடக்க வாதி தரப்பினருக்குப் பதினோரு நிமிடங்கள் ஆயின. காணொளியில் இரண்டும் ஒருங்கே தெளிவாகக் காணப்படுகின்றன.’

“தெளிவாக” என்ற சொல்லை மறுபடி வாசிக்கச் சொன்னேன்.

டிசம்பர் 19, வெள்ளி

உத்தரவு. மூன்று வாரத்துக்குள் வேலியை எடுக்க வேண்டும். மாசானத்துக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகிறது. ஏணி ஆள் கேட்கவில்லை.

ஜனவரி 8, வியாழன்

தாசில்தார், போலீஸ், ஜேசிபி. தோப்புக்காரர் வரவில்லை. வேலி கழன்று வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. எட்டு வருடம், இருபத்தைந்து நிமிடம். படம் எடுக்கச் சொன்னார்கள். கேமரா கொண்டு போகவில்லை என்றேன். வேடிக்கை பார்க்க வேண்டும் போல் இருந்தது.

பஞ்சவர்ணம் அத்தை பாதையில் முதல் ஆளாக நடந்து பார்த்துவிட்டு வந்தாள். “பரவால்லடா. இனி எந்த மாசமும் சாகலாம்.”

ஜனவரி 11, ஞாயிறு

அப்பாவுக்கு வருடம் திரும்பியது. எங்கள் தெருவில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. அம்மா காலையிலேயே குளித்துவிட்டு, தேங்காய் பழத்தட்டோடு வாசலில் நின்றாள்.

“நானும் வாரேன். ரோடுதான் இருக்குல்ல.”

யாரும் தடுக்கவில்லை. கால்வாயில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. அதன் ஓரமாகக் காய்ந்த மண்ணில் இருவரும் நடந்தோம். வழியில் அவள் ஒரு தடவை மட்டும் நின்று தண்ணீரைப் பார்த்தாள்.

“எந்த எடத்துலடா சாஞ்சுச்சு?”

காட்டினேன். பாடை சாய்ந்தது இத்தனை நாள் அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

அப்பாவைப் புதைத்த இடம் போன மழையில் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. அம்மா தட்டைக் கீழே வைத்தாள். உட்கார்ந்தாள். மேடாக இருந்த பக்கத்து மண்ணை இரண்டு கையாலும் அள்ளிப் பள்ளத்தில் போட்டாள். தட்டினாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டாள்.

“இப்ப சரியா இருக்கா பாரு,” என்றாள்.

குனிந்து பார்த்தேன். சரியாக இருந்தது.